பாடிப் போகிறவன் மட்டுமா காரணம்?



நம் கபடி அணியில் பாடிப் போகும் தம்பிக்கு இவ்வருடம் புள்ளியே வரவில்லை, மாற்றிவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. கொஞ்சம் பொறுங்க! பிடிபட்டால் அவன் வெளியே உட்காரணும். மற்றவர்கள் எதிராளியை அவுட்டாக்கினால்தான் திரும்ப உள்ளே வர முடியும். பிடிக்கிறவங்க சொதப்பினா, பாதி ஆட்டம் அவன் வெளியிலேதான்.

2022-இல் தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு விலகினார். புதுமுகம் நரேந்தர் 200 புள்ளிகளுக்கு மேல் குவித்தார். அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. எப்படி? பின்னால் சாகர், சாஹில் குலியா எதிராளியைப் பிடித்துப் போட்டார்கள்; பாடிப் போகும் சுமையை அஜிங்க்யா பவாரும் பங்கிட்டுக்கொண்டார்.

நம்ம தம்பிக்கு அந்தத் துணை இருக்கா? அச்சரப்பாக்கத்திலே சாயங்காலம் பிடி பழக ஆறு பேர் வாங்க. அப்புறம் அவனைப் பற்றிப் பேசலாம்.