கேள்வி கேட்டவரின் கணக்கு

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொதுக்குழு நெருங்குகிறது, அதையொட்டிப் பத்து நிமிடம் ஏதாவது பேசுங்கள் என்றார் செயலாளர். நான் வங்கி கவுண்ட்டரில் காலம் தள்ளியவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்கும், அதைக் காப்பாற்றுவதும்தான். அதனால் ஒரு கணக்குக் கதையே சொல்கிறேன்.

2008 அக்டோபர் 12. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டொலிடோ நகருக்கு அருகே ஒரு தெரு. ஜனாதிபதி வேட்பாளர் ஒபாமா வீடு வீடாக ஓட்டுக் கேட்டு வருகிறார். வாசலில் மகனோடு பந்து விளையாடிக்கொண்டிருந்த ஒருவர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். பிளம்பிங் கம்பெனி ஒன்றை வாங்க நினைக்கிறேன், வருடம் 2,50,000 முதல் 2,80,000 டாலர் வரும், உங்கள் திட்டத்தில் எனக்கு வரி கூடுமா என்று.

நல்ல கேள்வி. ஒபாமாவும் நின்று பதில் சொன்னார். 2,50,000-க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் 36 சதவீதம் 39 ஆகும் என்றார். பி.காம். படித்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? 2,80,000 முழுவதும் லாபம் என்றே வைத்தாலும், 30,000-க்கு 3 சதவீதம், கூடுதல் வரி 900 டாலர். அது நியாயமா இல்லையா என்று ஊரே விவாதித்திருக்கலாம்.

நடந்தது வேறு. மூன்று நாள் கழித்து நடந்த டி.வி. விவாதத்தில் எதிர் வேட்பாளர் மெக்கெய்ன், "ஜோ த பிளம்பர்" என்று அவரை இழுத்தார். அன்றிரவு அந்தப் பெயர் இருபது தடவைக்கு மேல் அடிபட்டது. மறுநாள் வீட்டு வாசலில் கேமராக்கள். அவரிடம் பிளம்பர் லைசென்ஸ் இல்லையாம். முதல் பெயரே ஜோ இல்லையாம். வரி பாக்கியாம். எவ்வளவு பாக்கி என்று பத்திரிகையில் வந்தது. நான் சொல்ல மாட்டேன், பழைய பழக்கம்.

இன்னும் மோசம், மாநில அரசுத் துறை ஒன்றின் கம்ப்யூட்டரில் அவருடைய விவரங்களைத் தேடிப் பார்த்தார்கள். விசாரணையில், அதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று தெரிந்தது. துறையின் இயக்குநர் அந்த டிசம்பரிலேயே பதவி விலகினார்.

அவர் பிறகு மெக்கெய்னுக்காகப் பிரசாரம் செய்தார், 2012-ல் தானே காங்கிரஸ் தேர்தலில் நின்று தோற்றார். 2023-ல், 49 வயதில், புற்றுநோயில் காலமானார். அவர் பேசிய பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் முதல் நாள் அவர் ஒரு வாக்காளர், அவ்வளவுதான். லைசென்ஸ் இல்லாதவன் கேட்டாலும் 900 டாலர் 900 டாலர்தானே?

அவர்களைக் குறை சொல்ல எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை. வேலைக்குச் சேர்ந்து சில வருடம் ஆகியிருக்கும். ஒரு பழ வியாபாரி, "டோக்கன் வாங்கி ஒரு மணி நேரமாச்சு, ஏன் சார் இவ்வளவு லேட்?" என்று சத்தமாகக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. லெட்ஜரைப் புரட்டி, "முதல்ல உங்க லோன் தவணை மூணு மாசமா நிக்குதே, அதைக் கட்டுங்க" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் தலைகுனிந்து போய்விட்டார். கடன் முழுவதும் அடைந்தது. ஆனால் ஒவ்வொரு தவணையும் கட்ட வந்தது அவருடைய மகன். அவர் வரவே இல்லை. ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்தவன் நான். அன்றைக்கு லேட் ஆனதும் உண்மை, தப்பு எங்களுடையது.

அடுத்த மாதம் பொதுக்குழு. யாராவது எழுந்து லிஃப்ட் செலவு ஏன் கூடியது என்று கேட்பார். "உங்க மெயின்டனன்ஸ் பாக்கி என்னாச்சு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். பாக்கியை வசூலிக்கத்தான் வேண்டும். அதற்கு நோட்டீஸ் இருக்கிறது, பொருளாளர் இருக்கிறார். சபையில் முதலில் லிஃப்ட் கணக்கைக் காட்டுவோம். இல்லையென்றால் அடுத்த வருடம் பாக்கி இல்லாதவரும் வாய் திறக்க யோசிப்பார்.