உத்தரவாதமும் உரிமையும்



பதுளை நகரிலிருந்து பசறை வழியாக லுணுகலை நோக்கிச் செல்லும் வீதி, மலைச்சரிவுகளிலே வளைந்து வளைந்து ஏறி இறங்குவது. அவ்வீதியில் ஓடும் வண்டிக்குப் பிரேக்கும் கியர்ப் பெட்டியும் உயிர்நாடி போன்றவை. சமவெளியிற் சிறு தொல்லையாகத் தோன்றும் பழுது, இம்மலைநாட்டிலே உயிருக்கு ஆபத்தாய் முடிதல் கூடும்.

ஊவாத் தோட்டமொன்றில் வாழும் ஒரு குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்த தாய் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். அவளுக்குக் கிடைத்த ஊழியர் சேமலாப நிதியை முற்பணமாகக் கட்டி, மிகுதியை லீசிங் கடனாகப் பெற்று, மகன் புதிய வண்டியொன்றை வாங்குகிறான். காலையிற் பள்ளிப் பிள்ளைகள், பகலில் பதுளை வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளர் என அவன் தொழில் நடக்கிறது. இரண்டாம் மாதத்திலே, ஏற்றத்தில் கியர் தானாகவே விடுபடத் தொடங்குகிறது. விற்றவரின் வேலைத்தலத்தில் வண்டியைத் திறந்து பார்த்து, "இனிப் பயமில்லை" என்று சொல்லி அனுப்புகின்றனர். பத்து நாளில் அதே பழுது. மறுபடியும் வேலைத்தலம், மறுபடியும் அதே சொல். நான்கு முறை இவ்வாறு கழிந்தபின், ஐந்தாம் முறை அவன் கேட்கும் விடை வேறு: "உத்தரவாதத்தின் கிலோமீற்றர் எல்லை கடந்துவிட்டது, இனிச் செலவு உம்முடையது."

உத்தரவாதம் பெரும்பாலும் இத்தனை மாதம் அல்லது இத்தனை கிலோமீற்றர், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை என்றே எழுதப்படுகிறது. வாடகைக்கு ஓடும் வண்டிக்குத் தூரமே முந்தும். இதனை வாங்கும் நாளிலேயே அறிந்தவர் மிகச் சிலரே.

அவ்விளைஞன் அறியாத மற்றொன்றும் உண்டு. விற்பவர் எழுதிக் கொடுக்கும் உத்தரவாதம் ஒன்று. சட்டமே எழுதாமல் எழுதிவைத்த உத்தரவாதம் இன்னொன்று. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பண்ட விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவகைப் பண்டத்தை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் அதன் விவரணத்தை நம்பி ஒருவர் வாங்கினால், அப்பண்டம் வாணிபத்துக்கு ஏற்ற தரத்ததாய் இருத்தல் வேண்டும். எனினும், இருதரத்தாரும் செய்யும் ஒப்பந்தம் இவ்வுரிமையைக் குறைத்துவிடவும் அச்சட்டத்தில் இடமுண்டு. ஆகையால், கையொப்பமிடுமுன் பத்திரத்தை வாசித்தறிதல், அல்லது வாசிக்கத் தெரிந்தவரைக்கொண்டு அறிதல், இன்றியமையாதது.

நீதிமன்றப் படியேறுதல் எளியோர்க்கு அரிது. அவர்களுக்கு அண்மையான வழியைத் திறந்தது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அதன்கீழ் அமைந்ததே பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை. பத்திரிகைகள் நுகர்வோர் அதிகாரசபை என்று வழங்குவதும் இதனையே. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பண்டத்தை விற்றமை பற்றி இச்சபை விசாரணை செய்யலாம். உத்தரவாதம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டதாயினும் குறிப்பாற் பெறப்படுவதாயினும் இவ்விதி பொருந்தும். வணிகர் தரப்பையும் கேட்டபின், நட்டஈடு வழங்கவோ, பண்டத்தை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடலாம்.

ஆனால் இங்கேதான் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. பண்டத்தை விற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள், எழுத்து மூலம் முறைப்பாடு செய்யப்படல் வேண்டும் என்று அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு விதிக்கிறது. வணிகரின் உத்தரவாதம் ஓராண்டோ அதற்கு மேலோ நீடிக்கலாம். முறைப்பாட்டுக்குரிய காலமோ மூன்றே மாதம். "அடுத்த கிழமை வாரும்" என்னும் இன்சொல்லை நம்பி நான்கு முறை போய்வருவதற்குள் அம்மூன்று மாதமும் கரைந்துவிடும். வேலைத்தலத்தார் வேண்டுமென்றே காலங்கடத்தினர் என்று கொள்ள வேண்டியதில்லை, மெய்யாகவே முயன்றிருக்கலாம். எவ்வாறாயினும் நாள் கடந்தது கடந்ததே. எனவே, அதே பழுது இரண்டாம் முறை தோன்றும்போதே முறைப்பாட்டை எழுதிவிடுதல் அறிவுடைமை. பழுதுபார்ப்பு ஒருபுறம் நடக்க, முறைப்பாடும் ஒருபுறம் இருக்கலாம். ஒன்று மற்றதற்குத் தடையன்று.

பிற நாடுகள் இதற்கு என்ன செய்தன? அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982ஆம் ஆண்டிலே, ஒரே குறைக்கு நான்கு முறை பழுதுபார்த்தும் தீராவிடின், அல்லது வண்டி முப்பது நாள் வேலைத்தலத்திற் கிடந்துவிடின், வாங்கியவருக்கு மாற்று வண்டியோ பணமோ கோர உரிமை அளித்தது. சிங்கப்பூரில் 2012 செப்டெம்பர் முதல், ஆறு மாதத்துக்குள் தோன்றும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படுகிறது. அன்று என்று காட்டும் பொறுப்பு விற்றவரைச் சேர்ந்தது. இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தகைய எண்ணிக்கை எதுவும் குறிக்கப்படவில்லை. ஆகவே, பழுது மீண்டும் மீண்டும் வந்தது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு வாங்கியவர் தோளிலேயே விழுகிறது.

இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டில், மாருதி உத்யோக் நிறுவனத்தின் காரொன்றைப் பற்றிய வழக்கிலே அளித்த தீர்ப்பும் கருதத்தக்கது. குறை கிளச்சுப் பகுதியில் இருந்தது. பழுதான உறுப்பை மாற்றுவதாகவே உத்தரவாதம் கூறியிருந்தமையால், முழு வண்டியையும் மாற்றிக் கொடுக்கக் கட்டளையிடல் பொருந்தாது என்று நீதிமன்றம் கண்டது. புதிய வண்டியே வேண்டும் என்று நிற்போர், உறுப்பை மாற்றியும் குறை தீரவில்லை என்பதைக் காட்டவல்ல சான்றுகளை வைத்திருத்தல் வேண்டும் என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம்.

சான்று என்பது யாது? "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்பது பழமொழி. வண்டியை ஒப்படைக்கும் ஒவ்வொரு முறையும், பழுது இன்னதென்று சாரதி சொன்ன சொல், ஒப்படைத்த நாள், மீட்டர் காட்டிய தூரம், செய்த வேலை, மாற்றிய உறுப்பு ஆகியவை எழுதப்பட்ட வேலைத்தாளின் பிரதியைக் கேட்டுப் பெறல் வேண்டும். "சேவிஸ் செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதிய தாள் பயன்படாது. விற்பனைப் பற்றுச்சீட்டையும் உத்தரவாதப் புத்தகத்தையும் பேணிக்காத்தல் வேண்டும். லீசிங் வண்டியாயின் அறுதி உரிமையாளர் அக்கம்பனியே. ஆதலால் அவர்களுக்கும் பழுதைப் பற்றி எழுத்தில் அறிவித்தல் நன்று. வண்டி நின்றுவிட்டது என்பதற்காகத் தவணையை நிறுத்திவிடுவது, கையிலுள்ள வண்டியையும் இழக்கச் செய்யக்கூடும்.

மூன்று மாதம் கடந்தவர் முற்றாக நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகளும், வருமானம் குறைந்தோருக்கு வழிகாட்டும் சட்ட உதவி ஆணைக்குழுவும், நீதிமன்றங்களும் உள்ளன. அங்கும் காலவரையறை உண்டு, தாமதம் கூடாது.

தோட்டத்து மக்கள் பலர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதத் தெரியாமையால் முறையிடத் தயங்குகின்றனர். அரச அலுவலகத்துக்குத் தமிழிலே எழுதவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தருகிறது. அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் வழிகேட்டறியலாம். முறைப்பாடோ எழுத்திலேயே இருத்தல் வேண்டும்.

2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கிற்று. மலையகத்துக் குடும்பங்கள் பலவற்றின் வாழ்நாட் சேமிப்பு இனி வண்டிகளாக மாறும். அச்சேமிப்பைக் காப்பதற்கு ஒரு கடதாசி உறையும், அதனுள் நாள் தவறாது சேர்த்த தாள்களும், மூன்று மாதம் என்னும் நினைவும் போதும். முப்பது ஆண்டு மழையிலும் பனியிலும் ஒரு தாய் ஈட்டிய பணத்துக்கு அவ்வளவு காவலேனும் வேண்டாமா?