நகையா, அச்சமா?



பசுமலையைத் தம் வாழிடமாகக் கொண்ட நாவலர் சோமசுந்தர பாரதியார் (1879–1959), தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்குப் புத்துரை கண்டவர். மெய்ப்பாடுகள் எட்டனுள் முதலாவது நகை, ஐந்தாவது அச்சம். இவ்விரண்டில் எது எதுவென்று பிரித்தறிய இயலாதபடி கலந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு.

மதுரை மக்கள் ‘பெரியாஸ்பத்திரி’ என வழங்கும் அரசு இராசாசி மருத்துவமனையை நாடித் திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கங்களிலிருந்து நாள்தோறும் மக்கள் வருகின்றனர். இத்தகைய பெரிய மருத்துவமனைகளின் வாயிலில் எழும் வேண்டுகோள்கள், கேட்ட அளவில் சிரிப்பை மூட்டுவன.

“ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்கய்யா, தெம்பு வந்துரும்” என்பது அவற்றுள் தலையாயது. ஐந்து விழுக்காட்டுக் குளுக்கோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு இட்டிலி தரும் ஆற்றலுக்கு அது மிஞ்சாது. நகை தோன்றும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறுபவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. இவ்வேண்டுகோளைப் பேதைமையில் அடக்கிவிடலாம். ஏனையவை அவ்வளவு எளிதில் அடங்குவன அல்ல.

அச்சத்திற்கும் நிலைக்களன் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அவசரப் பிரிவில் ஓர் இரவு நின்றால் நான்கையும் காணலாம்.

முதலில் விலங்கு. வயலில் பாம்பு கடித்தவர் வருகிறார்; கையில் மஞ்சள் பை. “இதுதான் கடிச்சது. பார்த்து மருந்து குடுங்க” என்று பையை மேசைமேல் வைக்கிறார். பை அசைகிறது. செவிலியர் சிதறுகின்றனர். காலை அசைக்க முடியாமல் கிடந்த பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து நடக்கிறார். இதைச் சிரியாமல் சொல்வது அரிது. ஆயினும் அந்த உழவரின் எண்ணத்தில் ஒரு முறைமை உண்டு. பூட்டைக் காட்டினால்தானே சாவி கிடைக்கும் என்று அவர் நினைக்கிறார்.

உண்மையில் அந்தச் சாவி முன்பே செய்யப்பட்டுவிட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் இந்தியாவில் தரப்படுவது ஒரே முறிமருந்து. அதற்கு வேண்டிய நஞ்சைத் தருவோருள், 1978-இல் தோன்றிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் குறிப்பிடத்தக்கவர். கடிபட்டவரின் குருதியைக் கண்ணாடிக் குழலில் அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். கண் இமை சரிகிறதா என்று நோக்குவார். அவருக்குப் பாம்பு வேண்டியதில்லை. பாம்பைத் தேடுவதில் கழிந்த நேரமே வேண்டும். தேடும்போது மறுமுறை கடிபடுவோரும் உண்டு. செத்த பாம்பின் தலையும் கடிக்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்பது ஆய்வாளர் கணிப்பு. மஞ்சள் பையைக் கண்டு எழுந்த சிரிப்பு இங்கே அடங்கிவிடுகிறது.

அடுத்தது அணங்கு. “ராகு காலம் கழிஞ்சு ஊசி போடலாமா, தாயி?” என்கிறாள் ஒரு பாட்டி. “ஊசி இப்பவே போகட்டும் ஆத்தா, சாப்பாட்டை நல்ல நேரத்துல ஆரம்பிங்க” என்று செவிலியர் விடை தந்தால், இருவர்க்கும் நிறைவு.

கள்வரச்சம் கொண்டவர், நெஞ்சுவலியிலும் சுருக்குப்பையை விடார். “என் கண்ணு முன்னாடியே வைங்க” என்பதே அவர் கேட்கும் முதல் மருத்துவம்.

தம் இறை என்பது இன்று காவல் நிலையம். மண்டை பிளந்து வருபவர், “கீழே விழுந்துட்டேன்னு எழுதுங்கய்யா” என்று கெஞ்சுகிறார். மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் பொய் எழுத இயலாது. ஆனால், காவல் துறை நடைமுறைக்குக் காத்திராமல் உயிர் காக்கும் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று பரமானந்த கட்டாரா வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அத்தீர்ப்பை அறியாதவரின் அச்சமே அங்கே பொய்யாகப் பேசுகிறது.

கடைசியாக ஒன்று. இனி மருந்தில்லை என்று மருத்துவர் மெல்லச் சொல்கிறார். மகன் கேட்கிறான்: “மூச்சு இருக்கையிலேயே அப்பாவை வீட்டு வாசப்படி தாண்ட வச்சிரணும். ஒரு மணி நேரம் தாங்குமா, ஐயா?” புதிதாக வந்த இளம் மருத்துவருக்கு இது விந்தையான கேள்வி. வெளியே பிரிந்த உயிரின் உடலை வீட்டினுள் கொண்டுசெல்லாத ஊர்கள் உண்டென்பதை அறிந்த முதியவருக்கு, இது விந்தை அன்று. இது அழுகை. அதன் நிலைக்களன்களுள் ஒன்றான இழவு, மகனின் வாயில் வழிச்செலவுக் கணக்காக வெளிப்படுகிறது.

அவசரப் பிரிவின் வேண்டுகோள்கள் அனைத்தையும் நிறைவேற்ற இயலாது. பாம்பை வாங்கி வைக்க முடியாது. பொய்யை எழுத முடியாது. எனினும் செவிமடுக்க முடியும். கேட்பவர் எந்த மெய்ப்பாட்டில் நின்று கேட்கிறார் என்று உணரும் மருத்துவர், சரியான மறுமொழியைக் கண்டடைகிறார். அந்த உணர்வே கவிஞர்க்கும் முதல். சிரிக்கலாம், ஆனால், யாருடைய அச்சத்தைக் கண்டு சிரிக்கிறோம் என்று அறிந்த பின் சிரிக்கலாம்.