கோடை மின்சாரம் கோடையில் தயாராவதில்லை

(கீரனூரில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சித்திரை பிறந்தால் நம் பக்கத்தில் இரண்டு கேள்விகள் கிளம்புகின்றன. கிணற்றுத் தண்ணீர் எத்தனை நாளைக்குக் காணும்? கரண்டு எத்தனை மணி நேரம் நிற்கும்? முதல் கேள்விக்கு வானம் பதில் சொல்லட்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

மின்சார விஷயம் எஞ்சினீயர்கள் பாடு, நூற்பாலையில் நிற்கிறவனுக்கும் களை வெட்டுகிறவளுக்கும் அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை உண்டு. மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் பாயாது. தண்ணீர் பாயாவிட்டால் களைவெட்டு இல்லை. களைவெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. மில்லில் கரண்டு நின்றால் ஷிப்டு நிற்கும். ஷிப்டு நின்றால் சம்பளம் நிற்கும். ஆகவே, இது நம் அடுப்பு எரிவதைப் பற்றிய விஷயம்.

உச்சநேரம் என்றால் என்ன?

பஞ்சைக் கிட்டங்கியில் அடுக்கலாம். நெல்லைக் குதிரில் கொட்டலாம். மின்சாரத்தை அப்படிப் பெருமளவில் குவித்து வைக்க முடியாது. நாம் சுவிட்சைப் போடுகிற அந்த வினாடியில் எங்கோ ஓர் இயந்திரம் அதை உற்பத்தி செய்தாக வேண்டும். உற்பத்தியும் செலவும் தராசுத் தட்டுகளைப் போலச் சமமாக நிற்க வேண்டும். செலவு மிஞ்சினால் வினாடிக்கு 50 என்று இருக்க வேண்டிய துடிப்பு குறையும். ஓர் அளவுக்குக் கீழே போனால் மின்பாதைகள் தாமாகவே அறுபடும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அதுவும் தவறினால் என்ன ஆகும்? 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் பார்த்தோம். இரண்டாம் நாளில் மட்டும் 60 கோடி ஜனங்கள் வாழும் பகுதி இருண்டது. ரயில்கள் நின்றன. சுரங்கத் தொழிலாளிகள் பூமிக்கு அடியில் சிக்கினார்கள்.

ஆகவே, ஆண்டு முழுவதும் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கணக்குப் போட்டால் மட்டும் போதாது. எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்கிற அந்த ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதே கணக்கு. அதுதான் உச்சநேரத் தேவை. தமிழ்நாட்டில் 2024 மே 2 அன்று அது 20,830 மெகாவாட்டைத் தொட்டது.

ஏன் கோடையில் இடுக்கண்? தாராபுரம் ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும். காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அப்போது அவை ஓயாமல் சுழலும். ஆனால் வெயில் கொளுத்தும் சித்திரையில் பெரும்பாலும் சும்மா நிற்கும். சூரிய மின்சாரம் பகலில் கைகொடுக்கும். பொழுது சாய்ந்ததும் கைவிடும். நாம் வேலை முடிந்து வீடு திரும்பி, விளக்கும் விசிறியும் போடுகிற நேரம் அதுதான்.

ஆறு மாதத்துக்கு முன்பே

கோடைக்கான மின்சாரம் கோடையில் தயாராவதில்லை. அதன் வேலை முந்தைய ஆடியிலேயே துவங்க வேண்டும். காற்று வீசும் மாதங்களில்தான் அனல் மின்நிலையத்து யூனிட்டுகளை நிறுத்தி, கொதிகலன் குழாய்களைச் சோதித்து, தேய்ந்ததை மாற்றிக்கொள்ள முடியும். அப்போது செய்யாத பராமரிப்பு மே மாதத்தில் உடைப்பாக வந்து நிற்கும். தூத்துக்குடிக்கு ஒரிசாக் கரையிலிருந்து கப்பலில் நிலக்கரி வர வேண்டும். கையிருப்பு எத்தனை நாளைக்கு என்று தினமும் கணக்குப் பார்க்க வேண்டும்.

அணைத் தண்ணீரை மாலை உச்சநேரத்துக்கு என்று காத்து வைக்க வேண்டும். ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1980களின் இறுதியிலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். தட்டுப்படும் நேரத்தில் அதையே கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். வடமாநிலங்களிடம் கோடையில் மின்சாரம் வாங்கி, காற்றுக் காலத்தில் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. நம் ஊர்க் கைமாற்றுப் போலத்தான்.

இவையெல்லாம் திட்டமிட்டால் நடக்கும், திட்டமிடாவிட்டால் நடக்காது. 1920-ல் உள்நாட்டு யுத்தத்தில் சிதைந்து கிடந்த ருஷ்யாவில், லெனினின் தலைமையில் 30 மின்நிலையங்களுக்குத் திட்டம் போட்டார்கள். பசியோடு இருந்த ஜனங்களுக்கு மின்சாரம் எதற்கு என்று பரிகசித்தவர்கள் அன்றும் இருந்தார்கள். திட்டம்தான் வென்றது.

டிரான்ஸ்பார்மர் அடியில்

மின்நிலையத்தில் மின்சாரம் நிறைய இருந்தும் நம் வீட்டில் விளக்கு மங்குகிறதே, ஏன்? கடைசி மைல்தான் காரணம். 100 வீட்டுக்கு என்று வைத்த டிரான்ஸ்பார்மரில் 200 வீடு தொங்கினால், உள்ளே எண்ணெய் கொதிக்கும். பகலில் ஏறிய உஷ்ணம் இரவிலும் இறங்காது. பியூஸ் போகும், சில சமயம் டிரான்ஸ்பார்மரே போகும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், காயில் கருகும். சிறு விவசாயி கட்டுகிற காயிலுக்கு யார் நஷ்டஈடு கொடுக்கிறார்கள்?

இதைத் தடுக்கும் வழி மர்மம் ஒன்றுமில்லை. சப்ஸ்டேஷன் ஏட்டில் மணிக்கு மணி எழுதுகிற ஆம்பியரைப் பார்த்து, எந்த லைன் திணறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேஸிலும் பளுவைச் சமமாகப் பிரிக்க வேண்டும். கூடுதல் டிரான்ஸ்பார்மர் நட வேண்டும். தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்டி, விரிசல் விட்ட பீங்கானை மாற்றி, உரசுகிற தென்னை மட்டையை வெட்ட வேண்டும். எல்லாம் பங்குனிக்குள் முடிய வேண்டும்.

யார் செய்வது? 44 டிகிரி வெயிலில் கம்பம் ஏறுகிறவன் ஒரு தொழிலாளி. பல்லாயிரம் இடங்கள் காலியாகக் கிடக்க, ஒரு லைன்மேன் பல கிராமங்களுக்கு ஓடுகிறான். அவன் பின்னால் ஏணி தூக்குகிறவன் ஒப்பந்தத் தொழிலாளி. அவன் பெயர் பதிவேட்டில் இருக்காது. கையில் உறை இருக்காது. எர்த் ராடு இருக்காது. லைன் கிளியர் வாங்க அவகாசமும் இருக்காது. “சீக்கிரம் கரண்டு கொடு” என்று கீழே நாம் நின்று கூச்சல் போடுகிறோம். தோழர்களே, அந்தக் கூச்சலை அவன்மேல் அல்ல, ஆளெடுக்க மறுத்தவர்கள்மேல் திருப்ப வேண்டும்! அவன் நம் வர்க்கத்தவன்.

வெட்டு யார் தலையில்?

பற்றாக்குறை வந்தால் எல்லோருக்கும் சமமாக வருமா? அனுபவத்தைப் பாருங்கள். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாடு இருண்டு கிடந்தது. 2012-ல் பற்றாக்குறை ஏறத்தாழ 4,000 மெகாவாட். சென்னைக்கு அறிவித்த வெட்டு 2 மணி நேரம். நம்மைப் போன்ற மாவட்டங்களிலோ 10 மணி நேரத்துக்கு மேலும் போயிற்று. டீசல் எஞ்சின் வைத்திருந்த பெரிய மில் ஓடியது. சிறு மில் நின்றது. எது நின்றாலும் கூலியை இழந்தவன் தொழிலாளிதான். வயலுக்கு மும்முனை மின்சாரம் நடுச்சாமத்தில் வந்தது. ஈர வரப்பில், பாம்புக்கும் ஷாக்குக்கும் நடுவில், மடை திருப்பப் போனவன் விவசாயத் தொழிலாளி.

இன்று வேறொரு வலை விரிக்கப்படுகிறது. பற்றாக்குறையைச் சந்தையில் வாங்கிச் சமாளி என்கிறார்கள். 2008 முதல் மின்சாரத்துக்கும் ஏலச்சந்தை உண்டு. கோடை மாலையில் அங்கே விலை உச்சவரம்பான யூனிட் 10 ரூபாயைத் தொட்டுவிடுகிறது. நம் தவிப்பே தனியார் உற்பத்தியாளரின் அறுவடை! அது மட்டுமா? 2023 ஜூனில் ஒன்றிய சர்க்கார் விதியைத் திருத்தியது. ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் வீடுகளுக்கும் உச்சநேரத்தில் குறைந்தது 10 சதம் கூடுதல் கட்டணம் என்கிறது அது. விவசாயத்துக்கு மட்டும் விலக்கு. வெயில் நேரத்தில் கட்டணம் குறையுமாம். வெயில் நேரத்தில் நாம் வீட்டிலா இருக்கிறோம்? மில்லிலும் வயலிலும் அல்லவா இருக்கிறோம்!

1957 ஜூலை 1-ல் உருவான மின்சார வாரியம்தான் கம்பம் நட்டு, கிராமத்துக்கு வெளிச்சம் கொண்டுவந்தது. லாபம் பார்க்கிற எந்தக் கம்பெனி குடிசைக்கு லைன் இழுத்திருக்கும்? அந்த வாரியத்தை 2010-ல் உடைத்தார்கள். 2024-ல் மேலும் உடைத்தார்கள். டில்லி எல்லையில் 2020–21-ல் ஓராண்டுக்கு மேல் அமர்ந்து போராடிய விவசாயிகள், மின்சாரத் திருத்த மசோதாவைக் கைவிடு என்றும் கேட்டார்கள். காரணமில்லாமல் கேட்கவில்லை.

நாம் கேட்பது

1. காலியிடங்களை நிரப்பு. ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கு.

2. பாதுகாப்புக் கருவி இல்லாமல் எந்தத் தொழிலாளியையும் கம்பம் ஏற்றாதே.

3. ஒவ்வொரு ஊரிலும் எந்த டிரான்ஸ்பார்மரில் எவ்வளவு பளு, எப்போது மாற்றப்படும் என்பதைக் கிராமசபையில் தை மாதமே சொல்.

4. வெட்டு தவிர்க்க முடியாதபோது முன்கூட்டி அறிவி. நகரத்துக்கும் கிராமத்துக்கும் ஒரே நீதி செய். நின்ற ஷிப்டுக்குச் சம்பளம் கொடுக்க முதலாளியைக் கட்டாயப்படுத்து.

5. வீட்டுக்கு உச்சநேரக் கட்டணம் வேண்டாம்.

நமக்கும் கடமை உண்டு. அறுந்து விழுந்த கம்பியைத் தொடாதீர்கள். குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் அண்ட விடாமல் நிறுத்திவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் விளக்கு மங்கும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மனுக் கொடுக்கும்போது அதுவே நம் சாட்சி. மின் ஊழியர்கள் கோரிக்கை வைத்து நிற்கும்போது அவர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

வெயிலை நாம் தடுக்க முடியாது. இருட்டைத் தடுக்கலாம். அதற்குக் கோடை வரும்வரை காத்திருக்கக் கூடாது. இப்போதே சங்கமாய்ச் சேர்ந்து கேட்க வேண்டும்.