படைக்கலம் துறந்தோரும் அமைதி அவையும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருச்சுழி என்றவுடன் 1879ஆம் ஆண்டில் அவ்வூரில் பிறந்த ரமண மகரிஷியின் நினைவே பலருக்கும் முதலில் எழும். அருப்புக்கோட்டை என்றால் தறியோசை நினைவுக்கு வரும். வந்தவாசி, செஞ்சி, ஆரணி வட்டாரங்களில் வேரூன்றிய தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு அந்தக் கரிசல் பூமியோடு இன்று கொள்வினை கொடுப்பினை ஏதுமில்லை. ஆயினும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் பாண்டிநாட்டுச் சமணத்தின் கல்விக்கூடம் அந்தப் பகுதியில்தான் இருந்தது. ஆவியூரை அடுத்த குறண்டி என்னும் சிற்றூரே கல்வெட்டுகள் கூறும் வெண்புநாட்டுக் குறண்டி. அங்கிருந்த பெரும்பள்ளியின் பெயர் திருக்காட்டாம்பள்ளி. மதுரைச் சமணமலையில் செதுக்கப்பட்ட திருமேனிகளின் அடியில் குறண்டி அட்டோபவாசி படாரர் பெயரும், அவர் மாணாக்கர் குணசேனதேவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எட்டு நோன்புகளைக் குறிக்கும் சொல்லையே பெயராகக் கொண்டிருந்தவர் அந்த ஆசிரியர். திருச்சுழிக்கு அருகிலுள்ள பள்ளிமடம் என்னும் ஊர்ப்பெயரும் பழைய தொடர்பைச் சொல்லாமல் சொல்கிறது.

அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் முதற் குலோத்துங்கனின் 48ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று முக்குடையார் கோயிலைக் குறிப்பிடுகிறது. அக்கோயிலோடு சேர்த்துத் தண்ணீர்ப் பந்தலும் பேசப்படுகிறது. மழையை நம்பிக் கிடக்கும் நிலத்தில் அகிம்சை என்பது வழிப்போக்கனுக்கு ஒரு குவளை நீராகவே முதலில் புலப்பட்டிருக்க வேண்டும்.

இன்றும் அந்த நிலத்தின் இயல்பு பெரிதும் மாறவில்லை. குண்டாறு பெரும்பாலான நாட்களில் மணலாகவே கிடக்கும். கண்மாய் பெருகினால் ஒரு போகம். பெருகாவிட்டால் சீமைக் கருவேலமும் கரிமூட்டமும்தான். இத்தகைய வானம் பார்த்த சீமைகளிலிருந்து இளைஞர்கள் படைக்குப் போவது நெடுங்கால வழக்கம். பணி முடித்து ஓய்வூதியத்தோடு திரும்பும் முன்னாள் படைவீரரை ஊர் மதிக்கிறது. வரப்புத் தகராறு, கண்மாய்ப் பங்கு, திருவிழா முறை என்று எதில் பிணக்கு வந்தாலும் அவரையும் அழைத்து உட்கார வைக்கிறார்கள். அவரும் அந்த இடத்தை விரும்புகிறார். அவருள் சிலர் ஒரு படி மேலே சென்று, அமைதிக்காகவும் படைக்கலக் குறைப்புக்காகவும் பாடுபடும் அமைப்புகளில் சேர்ந்து, அவற்றை வழிநடத்தவும் முன்வருகின்றனர். அப்போது எழும் கேள்வியைச் சமணர் எளிதில் கடந்துபோக இயலாது. துப்பாக்கி பிடித்த கை அகிம்சை அவையின் தலைமைக் கோலைப் பிடிக்கலாமா?

அறநூல்கள் இம்சையை நான்காகப் பகுத்துரைக்கும். கொல்லும் எண்ணத்தோடே செய்வது சங்கல்ப இம்சை. அடுப்பு மூட்டுவதிலும் வீடு பெருக்குவதிலும் நேர்வது ஆரம்ப இம்சை. உழவிலும் தொழிலிலும் நேர்வது உத்யோக இம்சை. தன்னையும் தன்னை அடைந்தோரையும் காக்கும் பொருட்டுப் பகையை எதிர்க்கையில் நேர்வது விரோத இம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் அறவே விடவேண்டும். ஏனைய மூன்றையும் இயன்ற அளவு குறைக்கவேண்டும். எல்லையில் நின்ற வீரனின் செயல் நான்காம் வகையில் அடங்கும் என்று கூறிப் பலர் அமைதி அடைந்துவிடுவர். ஆனால் அங்கேயே நின்றுவிடுவது அரைகுறைக் கல்வி. விரோத இம்சை பொறுத்துக்கொள்ளப்படுகிறதே தவிர, அதற்கும் இம்சை என்பதுதான் பெயர். அதற்கும் கருமப் பிணிப்பு உண்டு. ஆகவே படைவீரர் குற்றவாளியும் அல்லர். அவர் பெற்ற பதக்கம் அமைதி அவையில் நுழைவுச்சீட்டும் ஆகாது.

இக்கேள்வி புதியதும் அன்று. கங்க மன்னர்களின் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் இருந்த சாமுண்டராயர் பல போர்களில் வென்று விருதுப் பெயர்கள் பெற்றவர். அவரே நேமிசந்திர ஆசாரியரின் அடிபணிந்து கற்றார். 978இல் புராண நூல் ஒன்றை இயற்றினார். சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரின் திருமேனியை எழுப்பினார். அதன் காலம் 981 என்பது மரபு. படைத்தலைவர் ஒருவர் எவருடைய உருவத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். பாகுபலி தோற்றுத் துறந்தவர் அல்லர். இரு பெரும் சேனைகளும் எதிரெதிரே நின்றபோது, அமைச்சர்கள் இடைபுகுந்து, உடன்பிறந்தார் இருவர் பிணக்குக்காகப் பிறர் ஏன் மாளவேண்டும் என்று தடுத்தனர். நோக்கிலும் நீரிலும் மல்லிலும் பரதனும் பாகுபலியும் தனித்துப் பொருதனர். மூன்றிலும் வென்ற பாகுபலி, வென்ற அந்தக் கணத்திலேயே அனைத்தையும் விடுத்து வனம் புகுந்தார்.

வனம் புகுந்த பின்னும் ஓராண்டு அசையாது நின்றார். கொடிகள் காலைச் சுற்றின. கேவலஞானம் மட்டும் வரவில்லை. தன்னால் பரதனுக்குத் துன்பம் நேர்ந்ததே என்ற ஒரு சிறு உறுத்தல் உள்ளே தங்கியிருந்தது. பரதன் நேரில் வந்து வணங்கிய பின்னரே அது நீங்கியது. ஸ்ரீபுராணம் படிக்கும் இல்லங்களில் இக்கதை சிறுவர்க்கும் தெரியும். வாளைக் கீழே வைப்பது ஒரு நொடிச் செயல் என்பதையும், வாள் ஏந்திய காலத்தின் எச்சம் நெஞ்சைவிட்டு அகல நாளாகும் என்பதையும், அதைத் தீர்ப்பதில் எதிர்நின்றவனுக்கும் பங்குண்டு என்பதையும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

அண்மைக் காலத்தில் இவ்வழியில் நடந்தவர் அட்மிரல் இலட்சுமிநாராயண் ராமதாஸ். 1933இல் பம்பாயில் பிறந்தவர். 1971ஆம் ஆண்டுப் போரில் கிழக்குக் கடலில் ஐ.என்.எஸ். பியாஸ் என்னும் போர்க்கப்பலுக்குத் தலைமை தாங்கி வீர சக்ரா பெற்றார். 1990 நவம்பர் முதல் 1993 செப்டம்பர் வரை கடற்படைத் தளபதியாக இருந்தார். ஓய்வுபெற்ற பின் பாகிஸ்தான் இந்திய மக்கள் மன்றம் என்னும் அமைதி இயக்கத்தில் சேர்ந்து, அதன் இந்தியப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். யாருடைய கப்பல்களுக்கு எதிராக அவர் கடலில் நின்றாரோ அந்நாட்டு மக்களோடு ஒரே மேசையில் அமர்ந்து பேசினார். 1998இல் இரு நாடுகளும் அணுகுண்டுச் சோதனை நிகழ்த்தியபோது, நாடே வெடி வெடித்துக் கொண்டாடிய வேளையில், அணு ஆயுதம் வேண்டாம் என்று வெளிப்படையாகப் பேசினார். எல்லை தாண்டினார்கள் என்று இருபுறமும் சிறைப்பட்ட மீனவர்களின் விடுதலைக்கும் அம்மன்றம் குரல் கொடுத்தது. இராமேசுவரத்து மீனவர் படும் பாட்டை அறிந்த தமிழர்க்கு இதன் அருமை தெரியும். 2004ஆம் ஆண்டுக்கான மகசேசே விருது அவருக்கும் பாகிஸ்தானின் மனித உரிமைச் சான்றோர் ஐ.ஏ. ரஹ்மானுக்கும் இணைத்தே வழங்கப்பட்டது. ஒருவருக்கு மட்டும் தந்திருந்தால் அவ்விருதுக்குப் பாதிப் பொருள்தான் இருந்திருக்கும்.

சீருடையில் இருந்த காலத்தில் இதைச் சொல்லாமல், ஓய்வூதியம் வந்த பின் அமைதி பேசுவது எளிதன்றோ என்று கேட்போர் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் பணியில் உள்ள படைத்தலைவர் அரசின் முடிவுக்கு மாறாக மேடையேறிப் பேசத் தொடங்கினால், குடியாட்சிக்கு அதுவே பெருங்கேடாக முடியும். அண்டை நாடுகள் சிலவற்றின் வரலாறு இதற்குச் சான்று. ஓய்வுக்குப் பின் பேசியவர்க்கு அதன் விலையும் இருந்தது. சாதாரணக் குடிமகன் அணுகுண்டை எதிர்த்தால் அறியாமை என்பர். படைத்தலைவர் எதிர்த்தால் துரோகம் என்பர். அந்தப் பழியைச் சுமந்து முப்பது ஆண்டுகள் அதே வழியில் நின்று, 2024 மார்ச்சில் மறைந்தார்.

இன்னொருவர் மேஜர் ஜெனரல் யதுநாத் சிங். 1948 காஷ்மீர்ப் போரில் ஒரு படையணிக்குத் தலைமை வகித்தவர். சம்பல் பள்ளத்தாக்கில் கொள்ளையர் கூட்டங்கள் ஊர்களை நடுங்க வைத்த காலத்தில், தூக்குத்தண்டனைக் கைதியாக இருந்த தெஹ்சில்தார் சிங் வினோபா அடிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். வினோபா தமக்காகச் சிறைக்கு அனுப்பியது இந்த ஓய்வுபெற்ற தளபதியைத்தான். பின்னர் ஆயுதமின்றிப் பள்ளத்தாக்கினுள் சென்று கொள்ளையரிடம் பேசியவரும் அவரே. 1960 மே மாதத்தில் இருபதுபேர் வினோபாவின் முன் துப்பாக்கிகளை வைத்தனர். கொள்ளையரைப் பெருமைப்படுத்துவதாகக் காவல்துறை உயர் அதிகாரிகள் இம்முயற்சியைக் கண்டித்தனர். துறவி ஒருவர் மட்டும் போயிருந்தால் கொள்ளையர் காலில் விழுந்து வணங்கி வழியனுப்பி இருப்பர். துப்பாக்கியின் மொழி அறிந்தவர் வெறுங்கையோடு வந்தது அவர்களை வேறு வகையில் தொட்டிருக்க வேண்டும். அவர் அங்குச் சென்றது தளபதியாக அன்று, வினோபாவின் தூதுவராக என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும்.

திருச்சுழியிலிருந்து கிழக்கே போனால் முதுகுளத்தூர். 1985இல் விருதுநகர் மாவட்டம் பிரியும் வரை இவை யாவும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம். 1957ஆம் ஆண்டு இடைத்தேர்தலை ஒட்டி அந்தச் சீமையில் சாதிப் பகை மூண்டது. செப்டம்பர் 10ஆம் நாள் முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் அமைதிக் கூட்டம் கூட்டினார். அதில் அமர்ந்தவர்களுள் ஒருவர் இம்மானுவேல் சேகரன். படையில் பணியாற்றித் திரும்பியவர். தீண்டாமைக்கு எதிராக ஊர் ஊராகச் சென்று உழைத்தவர். அப்போது அவருக்கு வயது 32. யார் எந்தத் தகுதியில் இந்த அவையில் தலைவராக அமர்வது என்ற கேள்வி அன்று எழுந்ததாகவே அக்கூட்டம் பற்றிய பதிவுகள் கூறுகின்றன. மறுநாள் பரமக்குடியில் அவர் கொல்லப்பட்டார். தொடர்ந்து மூண்ட கலவரத்தில் இருதரப்பிலும் ஏழைகளே மாண்டனர். அரை நூற்றாண்டுக்குப் பின், 2010இல், அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலை வெளிவந்தது.

பழைய காயத்தைக் கிளறுவதற்காக இது சொல்லப்படவில்லை. முன்னாள் படைவீரர் தலைமை கேட்கிறார் என்றவுடன், பதவி ஆசை என்று முகம் சுளிப்பது பலர் வழக்கம். படைமுகாமில் ஒரே பந்தியில் உண்டு, ஒரே கூடாரத்தில் உறங்கிவிட்டு, ஊர் திரும்பியதும் தனிக்குவளையைக் காண்பவன், தன் மக்களுக்காக ஒரு நாற்காலி கேட்பது எந்த வகை ஆசை? சமநிலை இல்லாத அவையில் எழுதப்படும் அமைதி ஒப்பந்தம் ஓர் இரவு கூடத் தாங்காது என்பதை முதுகுளத்தூர் காட்டியது. அநேகாந்தம் பேசுவோர் அவைக்கு வருபவரின் வலியையும் ஒரு கோணமாக ஏற்கவேண்டும் அல்லவா?

இஸ்ரேலியப் படையில் இருந்தவர்களும் அவர்களை எதிர்த்துப் போரிட்ட பாலஸ்தீனரும் சேர்ந்து 2006இல் 'அமைதிக்கான போராளிகள்' என்னும் அமைப்பை வெளிப்படையாகத் தொடங்கினர். அதன் பொறுப்புகள் இரு தரப்பாருக்கும் இணையாகப் பகிரப்படுகின்றன. தம் கையால் நேர்ந்ததை உறுப்பினர் எதிர்த்தரப்பார் முன் அமர்ந்து வாய்விட்டுச் சொல்வதே அங்கு அடிப்படைப் பயிற்சி. பிரதிக்கிரமணம் என்று நாள்தோறும் செய்துவரும் ஒன்றைச் சமணர் வேறு பெயரில் அங்குக் காணலாம். அமெரிக்காவில் 1985இல் தோன்றிய முன்னாள் படைவீரர் அமைதி இயக்கமும் போரின் உண்மை விலையைப் பொதுமக்களுக்குச் சொல்வதைத் தன் கடமையாக வைத்திருக்கிறது. ஒரு குண்டு என்ன செய்யும் என்பதைப் புத்தகத்தில் படித்தவர் பேசுவதற்கும், தோழனின் உடலைச் சுமந்து வந்தவர் பேசுவதற்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்யும்.

இடர்ப்பாடும் உண்டு; அதை மறைக்கலாகாது. இருபது ஆண்டுகள் ஆணையிட்டும் ஆணைக்குப் பணிந்தும் பழகியவர் அவையில் மாற்றுக்கருத்தைக் கீழ்ப்படியாமையாகக் காணக்கூடும். பகைவன் என்ற சொல்லை மறந்தாலும் பகைவன் என்ற நோக்கை விட நாளாகும். பெயருக்கு முன் பதவிப் பெயரைச் சேர்த்து அழைக்கும் வழக்கத்தையே பல அமைப்புகள் ஊக்குவிக்கின்றன. அகிம்சைச் சங்கத்தின் அழைப்பிதழில் கர்னல் என்றும் சுபேதார் என்றும் அச்சிட்டுப் பெருமை தேடுவது சங்கத்தின் குறையே ஆகும். அவர் மீது பழிபோட இடமில்லை.

ஆதலின் தமிழ்ச் சமணர் நடத்தும் ஜீவகாருண்ய சங்கமோ சைவ உணவு மன்றமோ முன்னாள் படைவீரர் ஒருவரைத் தலைமைக்கு எண்ணும்போது, அவர் முன்பு எங்கே நின்றார் என்பதைக் காட்டிலும் இப்போது எந்த நோன்பை ஏற்றிருக்கிறார் என்று கேட்பதே முறை. அணுவிரதங்களுள் முதலாவதை எந்த அளவுக்கு ஏற்றார்? ஓராண்டுக் காலம் பொறுப்பு ஏதுமின்றி, பந்தலில் தண்ணீர் ஊற்றவும் மருத்துவ முகாமில் வரிசையை ஒழுங்குபடுத்தவும் உடன்பட்டாரா? தம்மைவிட இளையவர் தலைமை தாங்கும் கூட்டத்தில் அமைதியாக அமர்ந்திருக்க அவரால் முடிகிறதா? இதே கேள்விகளை வணிகரிடமும் ஆசிரியரிடமும் வழக்கறிஞரிடமும் கேட்கத் தயங்கும் சங்கம் படைவீரரிடம் மட்டும் கேட்டால் அது அநீதி.

சமணக் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் இன்று முப்படைகளுக்குப் போகிறார்கள். விடுமுறையில் ஜினாலயத்துக்கு வரும் அவர்களுள் சிலர் தூணோரம் ஒதுங்கி நிற்பதைக் கண்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். அடுத்த முறை அவர் வரும்போது, அபிடேகக் குடத்தின் ஒரு கைப்பிடியை அவரிடம் நீட்டலாம்.