வானத்தில் பெயர் சூட்டுபவர் யார்?

கோலசிலாங்கூர் ரப்பர்த் தோட்டங்களில் தமிழர்கள் விடியுமுன்பே பெரட்டுக்கு எழுந்தவர்கள். விண்மீன்கள் அவர்களுக்குப் புதியவை அல்ல. ஆனால், பார்த்தால் மட்டும் போதாது, கணக்கிட வேண்டும்.

1861இல் சென்னை வான் ஆய்வகத்தில் போக்சன் என்ற ஆங்கிலேயர் ஒரு சிறுகோளைக் கண்டு, 'ஆசியா' எனப் பெயரிட்டார். ஆசிய மண்ணிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஓடும் அது, சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 3.8 ஆண்டுகள் எடுக்கிறது.

127 ஆண்டுகள் கழித்து, 1988 பிப்ரவரி 17இல், தமிழ்நாட்டின் காவலூரில் ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டார். பாதை கணித்து உறுதியான பின்பே எண் கிடைக்கும். அதன் பிறகே பெயர். அது '4130 ராமானுஜன்' ஆனது.

பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கே. தோட்டத்துப் பிள்ளைகள் கணிதத்தைக் கைவிடாதிருந்தால், அந்த உரிமை அவர்களுக்கும் எட்டும்.