எமது முறை

(மன்றத்தின் ஆண்டுவிழாவிற் புதிய அங்கத்தவர்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



புதிதாகச் சமூகசேவைக் கழகத்திற் சேர்ந்தவர்கள் சார்பில் யாராவது பேசவேண்டும் என்று காரியதரிசி அவர்கள் கேட்டார்கள். சர்வகலாசாலையிற் படிப்பவர்களுக்கு வேறொன்றும் தெரியாவிட்டாலும் பேசத் தெரியும் என்பது ஊரவரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இன்று நாம் கொஞ்சம் பேச விரும்புகிறோம்.

கடந்த மார்கழி விடுமுறையில் நாம் மூவர் கழகத்திற் சேர்ந்தோம். ஒருவர் பேராதனையிற் படிப்பவர், இருவர் வந்தாறுமூலையில். சேர்வது மிக எளிதாயிருந்தது. விண்ணப்பத்தில் ஒப்பமிட்டோம், சந்தாவைக் கட்டினோம், சட்டையிற் குத்திக்கொள்ள ஒரு சின்னம் தந்தார்கள். அன்றைய கூட்டத்திலேயே பெரியவர் ஒருவர் எழுந்து, "படிக்கிற பிள்ளைகள் வந்திருக்கினம், ஒருவரை உபகாரியதரிசியாக எடுப்பம்" என்று பிரேரித்தார். மற்றொருவர் ஆமோதித்தார். கழகத்தின் வேலை என்னவென்றே அறியாத எம்மில் ஒருவர், அரைமணி நேரத்துள் அதன் உத்தியோகத்தராகிவிட்டார். அன்று அது எமக்குப் பெருமையாகவே இருந்தது என்பதை மறைக்கவில்லை.

தம்பலகாமத்தை வரைபடத்திற் பார்ப்பவருக்கு அது ஓர் ஊராகத் தெரியும். இங்கே இருப்பவர்களுக்குத்தான் அது வயற்கடலில் மிதக்கும் பல திடல்களும் மேடுகளும் என்பது தெரியும். கள்ளிமேடு, வர்ணமேடு, கூட்டாம்புளி, குஞ்சடப்பன்திடல், நாயன்மார்திடல் என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். மாரி பிந்திப் பெய்தால் விதைப்பு இல்லை என்று அழுகிறோம். ஒரு கிழமை விடாது பெய்தால் வீட்டுக்கு வழியில்லை என்று அழுகிறோம். கந்தளாய்க் குளத்து நீரே எமது சோறு. அக்குளத்தின் கட்டு 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாம் அப்போது பிறந்திருக்கவில்லை. அந்தக் கதையை எமக்குச் சொன்னவர்கள் இதோ முன்வரிசையில் இருக்கிறீர்கள். இருட்டில் தண்ணீர் வந்தால், எந்த வீட்டில் நடக்கமாட்டாத கிழவி இருக்கிறாள் என்பது முன்கூட்டியே யாருக்காவது தெரிந்திருக்கவேண்டும் என்று சொன்னவர்களும் நீங்களே.

அதற்காகக் கழகத்தில் ஒரு கொப்பி இருக்கிறது. நாற்பது பக்கப் பாடசாலைக் கொப்பிதான். தனித்திருக்கும் முதியவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருக்க வீட்டைக் காத்துக் கிடப்பவர்கள், நீரிழிவுக்கு ஊசி போடுபவர்கள், கண் தெரியாதவர்கள் என்று திடல் திடலாகப் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். முஸ்லிம் குடும்பங்களின் பெயர்களும் அதில் உண்டு. இந்து இளைஞர்களின் கொப்பியில் அவர்கள் பெயர் எதற்கு என்று எம்மில் ஒருவர் கேட்டுவிட்டார். கொப்பியை வைத்திருந்தவர் நிமிர்ந்தும் பாராமல், "யாருடைய வீடெண்டு கேட்டா தண்ணி ஏறுது?" என்றார். கேட்டவர் அதன் பின் வாய் திறக்கவில்லை.

எமக்குக் கிடைத்த முதல் வேலை, திடல் ஒன்றில் இருக்கும் ஓர் ஆச்சிக்கு உலர் உணவுப் பொதி கொடுப்பது. மூவரும் போனோம். பொதியை ஒருவர் நீட்ட, ஒருவர் பக்கத்தில் நிற்க, மற்றவர் கைத்தொலைபேசியிற் படம் பிடித்தார். வெளிச்சம் போதவில்லை என்று ஆச்சியை முற்றத்துக்கு வரச்சொல்லி இரண்டாந்தரமும் பிடித்தோம். ஆச்சி பொறுமையாக நின்றார். பிறகு சொன்னார்: "படம் எடுத்தது காணும் தம்பிமாரே. மேல தகரம் காத்துக்குக் கிளம்புது. ஒருக்கா ஏறிப் பாக்கமாட்டீங்களோ?"

ஏணி இல்லை. ஆணி இல்லை. இருந்திருந்தாலும் எம் மூவரில் ஒருவருக்கும் தகரம் அடிக்கத் தெரியாது. கதிரையை வைத்து ஏறி, இரண்டு கற்களைத் தகரத்தின் மேல் தூக்கி வைத்துவிட்டு இறங்கினோம். புறப்படும்போது, "நாளைக்கும் வருவீங்களோ?" என்று கேட்டார். வருவோம் என்று மூவரும் ஒரே குரலிற் சொன்னோம். மறுநாள் மழை. அதற்கடுத்த நாள் வகுப்புகள் தொடங்க, பஸ் ஏறிவிட்டோம்.

சித்திரைப் புத்தாண்டுக்கு வந்தபோதுதான் மீண்டும் அங்கே போனோம். கற்களைக் காணவில்லை. தகரம் வரிசையாக ஆணியடித்து இறுக்கப்பட்டிருந்தது. கழகக் கூட்டங்களிற் பின்வாங்கிலிருந்து ஒரு சொல்லும் பேசாத வயற்காரர் ஒருவர், மறுநாளே மழை விட்டதும் ஏணியோடு வந்து அடித்துக் கொடுத்திருக்கிறார். அதன் பின் வெள்ளிதோறும் வந்து போகிறாராம். அவர் எந்தக் கூட்டத்திலும் அதைச் சொன்னதில்லை. அறிக்கையிலும் அது இல்லை. அறிக்கையில் இருந்தது எமது படம். ஆச்சி எம்மைக் கண்டதும் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தார்: "அந்தப் படம் எடுத்த பொடியன்கள் வந்திருக்கிறாங்கள்!" அதுதான் அந்தத் திடலில் இன்றைக்கும் எமது பெயர்.

இப்படிப்பட்ட ஓர் ஊரிற் பிறந்து நாம் இதைக் கற்க இவ்வளவு காலம் எடுத்ததுதான் வெட்கம். கவிராசவரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டை இங்குள்ள மூத்தோர் அறிவீர்கள். குளக்கோட்டு மன்னன் குடிகளைக் கொண்டுவந்து இருத்தி, தானத்தார் என்றும் வரிப்பத்தார் என்றும் வகுத்து, கோணேசர் பணிகளைப் பகிர்ந்தளித்ததாக அந்நூல் கூறும். விளக்கேற்றுபவர், மாலை தொடுப்பவர், நெற்குற்றுபவர் என்று ஒவ்வொரு தொழும்புக்கும் ஆள் உண்டு. அந்த வழக்கின் தொடர்ச்சியை எமது ஆதிகோணநாயகர் கோயிலிலே பாட்டன்மார் காலத்திற் கண்டதாகச் சொல்பவர்கள் இன்னும் உளர். அவர்கள் வாயிற் புழங்கும் சொல் முறை என்பது. "இந்தக் கிழமை எங்கட முறை" என்பார்கள். வயலில் வேலை தலைக்கு மேல் இருந்தாலும், வீட்டிற் கலியாணம் இருந்தாலும், முறைக்கு ஒருவர் போகவேண்டும். போகமுடியாதவர் மாற்றாளை அனுப்பவேண்டும். விளக்கு அணையக்கூடாது.

அந்த ஒழுங்கில் ஒரு குறையும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நாம் படித்ததிற் பயனில்லை. யாருக்கு எது என்பதைப் பிறப்புத் தீர்மானித்தது. சிலருக்கு மண்டபமும் சிலருக்கு வெளிவீதியும் என்று வைத்ததும் அதே பிறப்புத்தான். அதை மீட்டுக்கொண்டுவாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் இளம் ஆசிரியர் ஆரியரத்தின 1958 டிசம்பரில் தம் மாணவர்களைக் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ என்னும் கிராமத்துக்குக் கூட்டிச்சென்றது அந்தப் பிறப்பு வேலியை முறிப்பதற்காகவே. சிங்களவருள்ளே தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட மக்களின் ஊர் அது. அவர்களோடு தங்கிக் கிணறும் மலசலகூடமும் அமைக்க மாணவர்கள் மண்வெட்டி பிடித்தார்கள். சர்வோதய இயக்கம் அங்கேதான் முளைத்தது. சிரமதானம் என்ற சொல் இன்று எமது பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரிகிறதென்றால், அதன் பின்னே இந்தக் கதை இருக்கிறது.

ஆகவே பிறப்பால் வரும் கடமை போய், விருப்பால் வரும் கடமை வந்தது. நல்லது. ஆனால் விருப்பால் வந்தவர் விருப்பாற் போயும் விடலாம் அல்லவா? பரீட்சை வந்தால் விருப்பம் குறைகிறது. மழை வந்தால் இன்னும் குறைகிறது. இந்தத் தொல்லை எமக்கு மட்டும் உரியதன்று. 1905இல் சிகாகோ நகரில் போல் ஹரிஸ் என்ற வழக்கறிஞர், நிலக்கரி வியாபாரி ஒருவர், சுரங்கப் பொறியியலாளர் ஒருவர், தையற்காரர் ஒருவர் ஆகிய மூவரோடு தொடங்கியதே ரோட்டரிக் கழகம். ஒருவர் காரியாலயத்தில் ஒரு தரம், மற்றவர் காரியாலயத்தில் மறுதரம் என்று முறைவைத்துக் கூடியதாலேதான் சுழற்சியைக் குறிக்கும் அந்தப் பெயர் வந்தது. அங்கேயும் முறை! தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வராதவர் அங்கத்துவத்தை இழப்பார் என்ற விதி அக்கழகங்களில் நெடுங்காலம் இருந்தது. ஊரின் பெரிய வியாபாரிகளையே அப்படி வெளியேற்றத் துணிந்தவர்கள், எம்மைப் போன்ற மாணவர்களுக்கு இரங்கியிருக்கமாட்டார்கள்.

நாம் மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள். தொண்டு என்ற சொல்லை முதலில் அங்கேதான் பாடமாக்கினோம், அதற்கு நன்றியுடையோம். ஆனால் பாடமாக்குவதற்கும் துடைப்பம் எடுப்பதற்கும் எவ்வளவு தூரம்! கல்கத்தாவில் 1899இற் கொள்ளைநோய் பரவியபோது, இராமகிருஷ்ண மிஷனின் நிவாரணப் பணியில் இருந்த சகோதரி நிவேதிதை, தெருவைக் கூட்ட ஆளில்லாமையால் தாமே துடைப்பத்தை எடுத்தார். அதைக் கண்டு நாணிய அத்தெரு இளைஞர்கள் ஓடிவந்து அதை வாங்கிக்கொண்டார்கள். எம்மையும் ஒருவர் நாணவைத்தார். அவர் பின்வாங்கிலே இருக்கிறார். பெயர் சொன்னால் எழுந்து போய்விடுவார், ஆதலாற் சொல்லவில்லை.

மூத்தோர்களிடம் எமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். படிக்கப் போனவன் ஊருக்கு வந்தால் கதிரை போடுகிறீர்கள். ஊரோடு நின்று வயல் செய்பவனையும், கடையில் நிற்பவனையும், மீன்பிடிக்கப் போகிறவனையும், அந்தக் கதிரையைத் தூக்கிவரச் சொல்கிறீர்கள். வெள்ளம் வரும் இரவில் இங்கே இருக்கப்போகிறவர்கள் அவர்கள். நாம் நூறு மைல்களுக்கு அப்பால் விடுதியிற் படுத்திருப்போம். எம்மை மேடையிற் காணும் அந்த இளைஞர்கள், கழகம் தமக்குரியதன்று என்று எண்ணி ஒதுங்குகிறார்கள். புது அங்கத்தவர் வரவில்லையே என்று ஆண்டுதோறும் அறிக்கையில் எழுதுகிறோமே, அதன் காரணங்களுள் நாமும் ஒன்று.

எனவே எம்மவர் உபகாரியதரிசிப் பதவியிலிருந்து விலகும் கடிதத்தை இன்று காலையிற் கொடுத்துவிட்டார். கோபத்தினால் அன்று. அதற்குப் பதிலாக எம் ஒவ்வொருவருக்கும் ஒரு திடலும் ஒரு முறையும் தாருங்கள் என்று கேட்டிருக்கிறோம். நாம் படிப்புக்குப் போகும் மாதங்களுக்கு ஊரிலிருக்கும் இளைஞர் ஒருவரைச் சோடியாக வைத்துக்கொள்வோம். அவர்தாம் முறைகாரர், நாமே மாற்றாள். பஸ் ஏறுமுன் கொப்பியை அவர் கையிற் கொடுத்து, யாருக்கு மருந்து முடிகிறது, யார் வீட்டுக் கிணற்றுக்கட்டு இடிந்திருக்கிறது என்று வாயாலும் சொல்லிவிட்டுத்தான் போவோம். சொல்லாமற் போனால் பெயரை வெட்டிவிடுங்கள். மூவர் இதுவரை சோடி சேர இசைந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தச்சுவேலை தெரிந்தவர் என்பது எமக்குப் பெரிய ஆறுதல்.

வருகிற வெள்ளி எமது முறை. ஆச்சியின் வீட்டுக் குசினிக் கூரையும் கிளம்பத் தொடங்கிவிட்டதாம். ஒன்றரை அங்குலத் தகர ஆணி வாங்கிவிட்டோம். நீளமான ஏணி மட்டும் இல்லை. வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் எம்மிடம் சொன்னால், வியாழன் மாலையே வந்து தூக்கிச்செல்வோம்.